தண்ணீர் ஏறும் நேரத்து வகுப்பு

திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறை. தரை முழுக்கப் படங்களை விரித்துப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்துக்கொண்டிருந்தார் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாலியல் சீண்டலிலிருந்து பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொள்ளச் சொல்லித்தரும் படங்கள். எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பார்க்கக் கிடைப்பவைதான். ஒன்றில் தாழ்ப்பாள் போட்ட குளியலறை, வாசலில் துண்டோடு அம்மா. இன்னொன்றில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் காரிலிருந்து சாக்லேட் நீட்டுகிறான். அடுத்ததில் டாக்டர், பக்கத்தில் அப்பா அம்மா இருவரும். கடைசியில் மீசை வைத்த போலீஸ் மாமா, குனிந்து ஒரு சிறுமியின் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

“இது அங்க எடுபடாது” என்று குளியலறையைத் தள்ளினார். “அங்க ஏது குளியலறை? அடிபம்புதான்.” சாக்லேட்காரனைக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தள்ளினார். டாக்டரையும். போலீஸ் மாமாவைக் கையில் எடுத்தவர் சிரித்துவிட்டார். “இத எடுத்துக்கிட்டுப் போனேன்னு வைங்க, புள்ளைங்க படத்தப் பார்த்தே ஓடிடும்.” அரை மணி நேரத்தில் பைக்குள் போனவை ஒரு கட்டு வெள்ளைத்தாள், கிரேயான் பெட்டிகள், ஒரு துணிப் பொம்மை. அச்சடித்த படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கிள்ளைக்குப் பக்கத்தில் உள்ள இருளர் குடியிருப்பு ஒன்றில் அவர் வகுப்பு. நானும் கூடப் போவதாகப் பேச்சு. குடியிருப்பின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. எழுதுகிறவனே கேட்காமல் செய்திருக்க வேண்டியது அது.

தமிழ்நாட்டில் ஆறு பழங்குடிகளை மிகவும் நலிவுற்ற பிரிவினர் என்று மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர் ஆகியோரோடு இருளரும் அதில் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் இருளர் சுமார் 1.9 லட்சம் பேர். நீலகிரி இருளருக்குத் தனி மொழி இருக்கிறது. கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டுச் சமவெளி இருளர் பேசுவது தமிழ்தான். அதனால் இங்கே பாடத்தை மொழிபெயர்க்கும் வேலையே கிடையாது. பாடநூலில் இருப்பது பிள்ளைகளுக்கு வார்த்தை வார்த்தையாகப் புரிகிறது. அப்படிப் புரிந்தும் அது அவர்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போவதுதான் விஷயம்.

காலைப் பயணிகள் ரயிலில் ஏறினோம். கடலூர் துறைமுகம் சந்திப்பு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று வண்டி நின்று நின்று போகும். ஆசிரியைக்கு அது வசதியாக இருந்தது, நிறைய பேசினார். இந்தக் கல்வி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 1970களில் அமெரிக்காவில் தொடங்கி, ஆஸ்திரேலியாவில் வேர் பிடித்துப் பள்ளிக்குப் பள்ளி பரவிய ஒரு முறையைச் சொன்னார். ஐந்து விரலுக்கு ஐந்து நம்பகமான பெரியவர்களைக் குழந்தை எழுதிவைக்க வேண்டும் என்ற பயிற்சி அங்கே பிரபலமானது. நம் ஊரில் இதற்காகவே 2004இல் சென்னையில் ‘துளிர்’ அமைப்பு தொடங்கப்பட்டது. ஆங்கிலப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்று பாராமல் இந்தப் பாடத்தைக் கொண்டுபோக முயன்றவர்கள் அவர்கள். ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று பிரித்துச் சொன்னால், கெட்டது தன்மேல் ஒட்டிக்கொண்டதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும் என்பதால், பாதுகாப்பானது, பாதுகாப்பற்றது என்று சொல்வதே இப்போது பல பயிற்சியாளர்களின் வழக்கம்.

“அதெல்லாம் சரி, அந்த அஞ்சு விரல்தான் எனக்கு இங்க உதைக்குது” என்றார். என்னவென்று கேட்டதற்கு, “வந்து பாருங்க” என்று நிறுத்திக்கொண்டார். வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியிருந்தது.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் பேச்சு வந்தது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில் 53 சதவீதத்துக்கும் மேலானோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பில் இருப்பவர்கள். அந்தப் பதின்மூன்றில் தமிழ்நாடு இல்லை. நம் மாநிலம் தப்பித்துக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நம்மிடம் கேட்கப்படவில்லை, அவ்வளவே. 2012 நவம்பர் 14 அன்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்ததற்குப் பின்னால் இருந்த அழுத்தங்களில் இந்த ஆய்வும் ஒன்று.

கிள்ளையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, அப்புறம் உப்பங்கழியை ஒட்டிய மண்பாதையில் நடந்து போனோம். ஒரு பக்கம் சுரபுன்னைக் காடு. மறுபக்கம் சுனாமிக்குப் பிறகு கட்டிய காங்கிரீட் வீடுகளும், அவற்றுக்குப் பின்னால் நீட்டிக் கட்டிய கீற்றுக் கொட்டகைகளும். ஆட்கள் காங்கிரீட்டைவிடக் கீற்றில்தான் அதிகம் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுக்கு அதுதான் சரி.

வகுப்பு பத்து மணிக்கு. ஏன் பத்து என்றால் அன்றைக்கு அந்த நேரத்தில் கழியில் தண்ணீர் ஏறும். இங்குள்ள இருளர் பலருக்குப் படகோ பெரிய வலையோ கிடையாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் கழியில் இறங்கி, உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்திருப்பார்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால். ஆணும் பெண்ணும் இறங்கும் வேலை இது. தண்ணீர் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளித்தான் வற்றும். ஆகவே வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமும் தினமும் தள்ளிப் போகும். ஒரு வாரம் விடிகாலை, மறு வாரம் நடுப்பகல், சில நாள் நள்ளிரவு. பள்ளி மணிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆசிரியை இதைக் கற்றுக்கொண்டது உள்ளூரில் மாலைப் படிப்பு சொல்லித்தரும் ஒரு பெண்ணிடம். பிளஸ் டூ முடித்தவர், அதே குடியிருப்புக்காரர். பிள்ளைகளுக்கு அவர் ‘சின்ன டீச்சர்’. அன்றைய வகுப்பில் முக்கால்வாசி அவருடையது, ஆசிரியை பெரும்பாலும் பையைச் சுமந்து வந்தார் என்றே சொல்லலாம்.

சமுதாயக் கூடத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இடுப்பில் தம்பி தங்கையோடு வந்தவர்களும் உண்டு. அவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. சின்ன டீச்சர் நான்கு வெள்ளைத்தாளை ஒட்டித் தரையில் போட்டு, “நம்ம ஊர வரைங்க” என்றார். தொடுதல், உடம்பு, ஜாக்கிரதை என்று எதுவும் பேசவில்லை. கழியை நீலத்தில் இழுத்தார்கள். வீடுகள், அடிபம்பு, கன்னிமார் கோயில், பஸ் நிற்கும் இடம், கடை. சண்டை போட்டுத் திருத்தித் திருத்தி வரைந்தார்கள். ஒரு பையன் நாய்களைக்கூட வீடு வாரியாகப் போட்டான்.

பிறகு சிவப்பு கிரேயான் கொடுத்தார். “எங்க போனா நெஞ்சு படக்கு படக்குன்னு அடிக்கும்? அங்க வைங்க.”

முதலில் பாம்பு கிடக்கும் புதர். அடுத்து கழி ஆழமாகும் திருப்பம். இவற்றை விறுவிறுவென்று வைத்தார்கள். பிறகு கொஞ்சம் தயக்கம். ஒரு பெண் குழந்தை சுரபுன்னை ஓரம் ஒரு புள்ளி வைத்தாள். இருட்டியபின் வெளிக்குப் போகும் இடம். மூன்று நான்கு பெண் பிள்ளைகள் அதே இடத்தில் புள்ளியை அழுத்தி அழுத்திப் பெரிதாக்கினார்கள். பையன்கள் பேசாமல் இருந்தார்கள். அடிபம்பில் ஒரு சிவப்பு. தார் ரோட்டில் மதுக்கடைக்குப் போகும் பக்கம் ஒன்று. கடைசியாக, பிச்சாவரத்துப் படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒன்று.

“அங்க என்னா பயம்?” என்று சின்ன டீச்சர் கேட்டார்.

“போட்டோ எடுக்குறாங்கக்கா” என்றான் நாலாவது படிக்கும் பையன். “சட்டைய கழட்டு, சேத்துல குதின்றாங்க. பிஸ்கட் குடுக்குறாங்க.”

“பாப்பாவ தூக்கி மடியில வெச்சு எடுக்குறாங்க” என்றாள் இன்னொருத்தி.

ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் அவர் ஒதுக்கிய சாக்லேட்காரன் படம் எனக்கு ஞாபகம் வந்தது. கார் உண்டு, கறுப்புக் கண்ணாடி உண்டு, கையில் தின்பண்டமும் உண்டு. ஆனால் அவர்கள் குடும்பத்தோடு வருகிறவர்கள். சிரித்துப் பேசுகிறவர்கள். இந்தப் பிள்ளைகளின் படம் எங்கெங்கோ செல்போன்களில் சுற்றுவதில் தப்பு இருப்பதாக நினைத்தே பார்க்காதவர்கள். தன் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் படம் பிடித்தால் இவர்கள் சும்மா இருப்பார்களா? பிச்சாவரம் போகும் வாசகர்கள் யோசிக்கட்டும்.

சின்ன டீச்சர் இதற்குப் பாடம் நடத்தவில்லை. எழுந்து நின்று, போன் பிடித்தது போல் கையை வைத்துக்கொண்டு சுற்றுலாக்காரராக நடித்தார். “தம்பி, இங்க வா, அப்படியே நில்லு!” பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மறுக்க வேண்டும். முதலில் வந்தவன் வெட்கத்தில் நெளிந்தான். இரண்டாமவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். மூன்றாவதாக வந்த சிறுமி, “எங்க ஆயாகிட்ட கேட்டியா?” என்றாள். கூடமே சிரித்துக் கத்தியது. அன்றைக்கு எல்லாரும் எடுத்துக்கொண்ட பதில் அதுதான். பெரியவரைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்வது இந்தப் பிள்ளைகளுக்கு வராது. வளர்ப்பு அப்படி. ஆயாவின் பெயரைச் சொல்லித் தடுப்பது எல்லாருக்கும் வருகிறது. ‘வேண்டாம் என்று சொல், ஓடு, போய்ச் சொல்’ என்று மூன்று கட்டளைகளாகக் கற்றுத்தரும் பாடத்தில், முதல் கட்டளையிலேயே தடுக்கி நிற்கும் குழந்தைகளுக்கு இது போதுமான வழி என்று எனக்குப் பட்டது.

அடுத்து வந்தது ரயிலில் பாதியில் நின்ற விரல் கதை. தாளில் கையை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, விரலுக்கு ஒருவராக நம்பிச் சொல்லக்கூடிய பெரியவர்களை எழுத வேண்டும். ஒரு நிமிடத்தில் எல்லாருக்கும் ஐந்தும் நிரம்பிவிட்டன. குடியிருப்பில் எல்லாரும் சித்தப்பா, பெரியம்மா, மாமா, ஆயா. சொந்தம் இல்லாத வீடே இல்லை. நகரத்துப் பிள்ளைகள் மூன்றாவது விரலில் திணறும் இடம் இது.

சின்ன டீச்சர் ஒரு சிறுமியின் தாளை எடுத்தார். “அம்மா, அப்பா, ஆயா, பெரியம்மா, மாமா. நேத்து ராத்திரி தண்ணி வத்துச்சே, அப்ப இவுங்க எல்லாம் எங்க இருந்தாங்க?”

“கழியில.”

“நீ?”

“ஊட்ல.”

“அப்ப இந்தக் கையி?”

சிறுமி தன் கையையே பார்த்தாள். ஐந்து விரலும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போய்விட்டிருந்தன. சொந்தம் நிறைய இருந்தும் தொழில் ஒன்றே என்பதால் வரும் சிக்கல் இது. வேறெங்கோ எழுதிய பாடத்துக்கு இது தெரிய வாய்ப்பில்லை. சின்ன டீச்சர் பக்கத்திலேயே இன்னொரு கையை வரையச் சொன்னார். முதலில் வரைந்தது தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்துக் கை, புதியது வற்றும் நேரத்துக் கை. இரண்டாவதை நிரப்பத்தான் நேரம் பிடித்தது. கால் வராமல் வீட்டோடு இருக்கும் ஒரு தாத்தா. கைக்குழந்தை இருப்பதால் கழிக்குப் போகாத ஒரு சித்தி. சின்ன டீச்சர். பலருக்கு மூன்று விரலுக்கு மேல் ஆள் கிடைக்கவில்லை. சிலர் எட்டாவது படிக்கும் அக்காவை எழுதினார்கள். “அவளும் புள்ளதானே” என்று ஆசிரியை முணுமுணுத்தார். அழிக்கச் சொல்லவில்லை.

நான்காவது விரலுக்கு 1098, குழந்தைகளுக்கான உதவி எண். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு திட்டமாக 1996இல் தொடங்கிய எண் அது. இப்போது மாநில அரசுகள் நடத்துகின்றன. பாடம் சொல்கிறவர்கள் ‘ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு’ என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கும் தங்காது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொல்வதற்காகவே அப்படி அமைந்த எண். பிள்ளைகள் கூடத்தில் பத்து என்று ஒரு குதி, ஒன்பது என்று ஒரு குதி, எட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். இடுப்புக் குழந்தைகளும் குதித்தன.

“போன் யார் ஊட்ல இருக்கு?” என்று நான் ஒரு பையனிடம் கேட்டேன். “அப்பாகிட்ட. பிளாஸ்டிக் பையில சுத்தித் தலைப்பாயில வெச்சுக்குவாரு.” அதுவும் கழிக்குள்தான் போகிறது.

உடம்பைப் பற்றிய பகுதி வந்தபோது என்னை வெளியே போகச் சொன்னார்கள். பையன்களை ஆசிரியையும் பெண் பிள்ளைகளைச் சின்ன டீச்சரும் தனித்தனியாக உட்காரவைத்துக்கொண்டார்கள். அதில் என்ன சொல்கிறார்கள் என்பது முந்தின நாளே எனக்குத் தெரியும். துணிப் பொம்மைக்கு ஜட்டி சட்டை போட்டு, துணி மூடியிருக்கும் இடத்தைப் பிறர் தொடவோ பார்க்கவோ காட்டவோ கூடாது என்பது விதி. உறுப்புகளுக்குப் பிள்ளைகள் வீட்டில் சொல்லும் பெயரே போதும், திருத்துவதில்லை. இரகசியம் என்று யார் எதைச் சொன்னாலும் அதை வீட்டில் சொல்லலாம், சொன்னால் அடி விழாது. பம்படியில் குளிக்கும் பிள்ளைகளிடம் ‘குளியலறையில் கதவைச் சாத்திக்கொள்’ என்று சொல்ல முடியாது. பாவாடையை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக் குளிக்கும் அம்மாக்களின் பழக்கத்தையே எட்டு ஒன்பது வயதுக்கு இறக்கிக்கொண்டார்கள். கற்பிக்க வேண்டிய வெட்கம் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. சொன்னால் அடி விழாது என்ற உறுதிதான் புதிதாகக் கொடுக்க வேண்டியதாக இருந்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் நாலைந்து பெரியவர்கள். வலை முடிந்துகொண்டிருந்த ஒருவரிடம் வகுப்பைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டேன்.

“நல்லதுதான் சார். புள்ளைங்களுக்குத் தெரியணும். ஆனா ஒண்ணு. எதுனா ஆச்சுன்னா போலீசுக்குப் போவணும்னு சொல்றாங்க. போலீசு இங்க வந்தா நாங்கதான் ஓடணும்.”

இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இதே கடலூர் மாவட்டத்தில் 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் முதனை ராஜாகண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கு அதுதான். 2021இல் ‘ஜெய் பீம்’ படமான கதையும் அதுதான். படத்தில் இருளர், நடந்தது குறவர் சமூகத்தவருக்கு. மரத்தடிக்காரர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே டி. மண்டபத்தில், திருட்டு வழக்கு விசாரணைக்கென்று கொண்டுபோன இருளர் பெண்கள் நால்வர் காவலர்கள் மீதே பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். திருட்டு நடந்தால் முதலில் இருளர் குடிசைக்கு வருவது, முடிக்காத வழக்குகளை அவர்கள் தலையில் கட்டுவது என்ற குற்றச்சாட்டைப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. இந்த நினைவுகளுக்கு நடுவே மீசை வைத்த போலீஸ் மாமா படத்தை நீட்டினால் யார் நம்புவார்கள்?

ஆனால் சட்டம் இந்தப் பயத்தைக் கொஞ்சம் கணக்கில் எடுத்திருக்கிறது. போக்சோவின் 24ஆம் பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும். சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. இதை நான் சொன்னபோது வலைக்காரர் முடிச்சை நிறுத்திவிட்டு, “எழுதிக் குடுங்க சார்” என்றார். நோட்டிலிருந்து கிழித்து எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பெண் அதை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னொரு அம்மா கேட்டார். “புள்ளைய ஹோமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாமே?” குழந்தைகள் நலக் குழு என்ற அமைப்பைப் பற்றி அவர் கேள்விப்பட்டது அந்த ஒரு சங்கதி மட்டும். குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை என்று அந்தக் குழு கருதினால் இல்லத்தில் வைக்க அதற்கு அதிகாரம் உண்டு என்பது உண்மை. இங்கே எனக்கு ஆஸ்திரேலியா ஞாபகம் வந்தது. அங்கே பூர்வகுடிக் குழந்தைகளைப் பல தலைமுறைகளாக அரசே பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது. 1997இல் வெளியான விசாரணை அறிக்கை அதை முழுவதுமாக எடுத்துவைத்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இன்றும் அந்தக் குடும்பங்களில் ‘குழந்தைகள் நலன்’ என்று சொல்லிக்கொண்டு யாராவது வாசலில் நின்றால் அடிவயிறு கலங்குகிறது. பாதுகாப்புக் கல்வியை அங்கே பூர்வகுடிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனவர்கள் முதலில் பாட்டிமாரிடமும் அத்தைமாரிடமும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான்.  நம் ஊரிலும் அதே பயம் இருக்கிறது.

பிள்ளைகள் வெளியே ஓடிவந்ததும் பெரியவர்களைக் கூடத்துக்குள் கூப்பிட்டார்கள். ஆசிரியை எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டார். “உங்க புள்ள என்கிட்ட எதுனா சொல்லிச்சுன்னா நான் மூடி மறைக்க முடியாது. சட்டப்படி சொல்லியாவணும். சொல்லலன்னா எனக்கு ஜெயிலு. நாளைக்கு என்மேல வருத்தப்படாதீங்க.” போக்சோவின் 19, 21ஆம் பிரிவுகள் சொல்வது இதைத்தான். தெரிந்தும் புகார் கொடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. சொல்லாமல் விட்டதற்காகக் குழந்தையைத் தண்டிக்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சொல்ல வேண்டிய பாரத்தைச் சட்டம் பெரியவர்கள் மேல் வைத்திருக்கிறது. பள்ளிப் பாடங்கள்தான் அதை எட்டு வயதுக் குழந்தையின் தோளில் ஏற்றிவிடுகின்றன. கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை.

பேச்சு பெரிய பெண் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் போய் வந்தது. பதினாறு வயதில் கட்டிக்கொடுத்துவிட்டு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனால் கேஸ் ஆகும் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் ஆபத்தை நர்ஸ் வேலையில் இருந்த ஒரு பெண் சொன்னார். குடிசைகளைப் பற்றி மட்டும் இப்படி எழுதுவது நியாயமில்லை. சிதம்பரத்தில் 2022இல் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் மீதும் குழந்தைத் திருமண வழக்குகள் பதிவாயின.

சிவப்புப் புள்ளி வைத்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டியபோதுதான் கூட்டம் சூடு பிடித்தது. ஆண்கள் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார்கள். சுரபுன்னை ஓரத்தில் இருந்த பெரிய சிவப்பைப் பார்த்து, “இங்க என்னா?” என்று ஒருவர் கேட்க, பெண்கள் பக்கமிருந்து ஒரே நேரத்தில் ஏழெட்டுக் குரல்கள் வந்தன. வீட்டோடு கட்டிக்கொடுத்த கழிப்பறைகள் பலவற்றுக்குத் தண்ணீர் இல்லை, சிலவற்றுக்குக் கதவே இல்லை, ஒன்றில் வலை போட்டு வைத்திருக்கிறது. கிள்ளைப் பேரூராட்சித் தலைவர் பதவி 2022 தேர்தலில் பழங்குடிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, இருளர் பெண் ஒருவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “நம்ம பொண்ணு தலைவரா இருந்தப்பயும் நாம கேக்காம இருந்தா யாரு மேல தப்பு?” என்று ஒரு ஆயா கத்தினார். கதவுக்கும் பம்படித் தட்டிக்கும் தனித்தனியாக மனு எழுதினார்கள். பம்படிக்குக் கீற்றுத் தட்டி கட்ட மனு எதற்கு, நாமே கட்டலாம் என்று வலைக்காரர் சொன்னதும் இரண்டாவது தாள் கிழிபட்டது.

பின்வரிசையில் அதுவரை வாய் திறக்காத ஒருவர் கடைசியில் கை தூக்கினார். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் வந்தவர். “தெரிஞ்சவங்களையும் நம்பாதேன்னு புள்ளைக்குச் சொல்றீங்க. சூளையில மேஸ்திரி எப்ப வேணா ஊட்டுக்குள்ள வருவான். முன்பணம் வாங்கியிருக்கம். நானே ‘ஏன் வர்ற’ன்னு கேக்க முடியாது. புள்ள எப்டி கேக்கும்?”

நான் அந்த வகுப்பில் கேட்ட கேள்விகளில் பதில் சொல்லக் கடினமானது இதுதான். தகப்பன் மறுக்க முடியாத ஆளை மகள் மறுக்க வேண்டும் என்று எந்தப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? சூளைக்குப் போகும் ஆறேழு மாதங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கூடமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, இரண்டு கைகளில் எழுதிய ஆட்களும் இல்லை. மதிய உணவும் காலை உணவும் பள்ளியில் இருக்கின்றன, பிள்ளை சூளையில் இருக்கிறது.

ஆசிரியை மழுப்பவில்லை. “புள்ள கேக்க முடியாதுதான். அதுக்கு வேற சட்டம் இருக்கு” என்றார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976. முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைத்தால் அந்தக் கடனே செல்லாது. புகாரைச் சிதம்பரத்தில் சார் ஆட்சியரிடம் கொடுக்கலாம், போலீஸ் நிலையம் ஏற வேண்டியதில்லை. விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள், மறுவாழ்வுப் பணமும் உண்டு. ஆளுக்கு ஆள் குறுக்கே பேசினார்கள். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தும் பணம் வராத கதை ஒன்றை ஒருவர் சொன்னார். மேஸ்திரியே நம்ம சொந்தக்காரனாக இருந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு ஆசிரியையிடமும் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்குச் சட்டம் தெரிந்த ஒருவரை அழைத்துவருவதாகச் சொன்னார்.

அதற்குள் பெண்கள் எழ ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் திரும்பிக்கொண்டிருந்தது. வெளியே பறிகள் எடுபட்டன. இரண்டாவது கையில் பெயர் எழுதப்பட்ட கால் வராத தாத்தாவிடம் சின்ன டீச்சர் போய், எத்தனை பிள்ளைகள் அவர் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி, இராத்திரியில் எந்தப் பிள்ளை வந்து கதவைத் தட்டினாலும் திட்டாமல் எழுந்திருக்க வேண்டும் என்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். தாத்தா தனக்கு ஒரு டார்ச் லைட் வேண்டும் என்றார்.

அடுத்த வகுப்பும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் ஒரு வாரத்தில் தண்ணீர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். காலை பத்துக்கு எல்லாரும் கழியில் இருப்பார்கள். அதனால் மாலை நான்கு மணி என்று முடிவானது. திரும்பும் ரயிலுக்கு அது தோதுப்படாது, பஸ்ஸில்தான் திருப்பாதிரிப்புலியூர் போக வேண்டியிருக்கும் என்று ஆசிரியை கணக்குப் போட்டபடியே நடந்தார். டார்ச் லைட்டை மறந்துவிடாமல் குறித்துக்கொள்ளச் சொன்னார்.